சீற்றம் சினமன்று

'சீற்றம்' என்னும் சொல்லுக்கு அகராதியிலே பொருள் தேடுவோர் கோபம், வெகுளி, சினம் என்பனவற்றைக் காண்பர். அரசன் சீறினான் என்கிறோம். கடல் சீறிற்று என்கிறோம். மேலதிகாரி எழுத்தர்மேற் சீறி விழுந்தார் என்றும் எழுதுகிறோம். ஆயினும் இச்சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பல்லிடுக்கினூடே மூச்சு உரசிச் செல்லும் ஓசை அதன் முதலெழுத்திலேயே கேட்கும். பாம்பின் மூச்சொலியைக் குறித்த சொல் நாளடைவில் மனிதனின் உள்ளத்து நிகழ்ச்சியொன்றுக்கும் பெயராயிற்று என்று கருத இடமுண்டு. பெயர் அவ்வாறு அமைந்தபின், பாம்பும் சினங்கொண்டே சீறுகின்றது என்னும் எண்ணம் நம்மிடத்தே வேரூன்றிவிட்டது.

இவ்வெண்ணம் சரியானதுதானா? சொல்லாராய்ச்சி செய்வார்க்கு மட்டும் உரிய வினாவன்று இது. 2012-2013ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடுவீடாகச் சென்று நடத்தப்பட்ட ஆய்வொன்று, நம் நாட்டில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாவதாகவும், 460 பேரளவில் உயிரிழப்பதாகவும் மதிப்பிட்டது. புத்தளக் கரையோரத்தில் வாழும் நமக்கு இவ்வெண்கள் தொலைவிலுள்ள செய்தியல்ல. சிலாபத்திலிருந்து முந்தல், பாலாவி ஊடாகக் கற்பிட்டி முனை வரையிலே தென்னந்தோட்டங்கள். களப்போரத்தில் உப்பளங்களும் இறால் வளர்க்கும் குளங்களும். மணல் நிலத்தில் மிளகாய், வெங்காயப் பாத்திகள். உடப்பிலும் ஆண்டிமுனையிலும் கடலோர வாடிகள். தேங்காய் குவிந்த இடத்தில் எலி வரும். எலி வந்த இடத்திற்குப் பாம்பு வரும். பொச்சுமட்டைக் குவியலும் கிடுகடுக்கும் அதற்கு மாளிகைகள். மனிதனும் பாம்பும் ஒரே நிழலைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலம் இது. எனவே பாம்பு எதனைக் காண்கிறது, எதனைக் கேட்கிறது, எதற்காகச் சீறுகிறது என்பவற்றை அறிவது நமக்கு உயிர்காக்கும் கல்வியாகும்.

கட்செவி

முதலில் செவியைப் பற்றிக் காண்போம். தொல்காப்பியர் உயிர்களை அறிவின் வகையால் வரிசைப்படுத்தியபோது, உடலால் அறிவதை முதலாவதாகவும், நா, மூக்கு, கண் என்பவற்றை அடுத்தடுத்தும், செவியால் அறிவதை ஐந்தாவதாகவும் வைத்தார். புறத்தே செவி காணப்படாத பாம்பை இவ்வரிசையில் எங்கே வைப்பது? முன்னோர் இதற்கு ஒரு விடை கண்டனர். பாம்புக்குக் கண்ணே செவியுமாகும் என்று கொண்டு, அதற்குக் 'கட்செவி' என்று பெயரிட்டனர். அரவு, பாந்தள், மாசுணம், உரகம், பன்னகம் என்று நிகண்டுகள் அடுக்கும் பெயர்களிடையே இதுவும் ஒன்று. மார்பால் ஊர்வது உரகம். காலால் நடவாதது பன்னகம். இவையிரண்டும் கண்டறிந்தவாறே இட்ட பெயர்கள். கட்செவி என்பதோ காரணங்காண முயன்று இட்ட பெயர்.

முயற்சி பாராட்டத்தக்கது, ஆனால் முடிபு பொருந்தவில்லை. பாம்பின் கண்ணுக்கு இமையில்லை. அதனை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில். சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது அச்செதில் பால்நிறமாக மங்கும். அந்நாட்களில் பாம்பு ஏறக்குறையக் குருடாகிக் கிடக்கும். அணுகுவோரைக் கண்டு விலக இயலாமையால் எளிதில் வெருளும், சீறும். கண்ணின் தொழில் காண்பதே. அதற்குக் கேட்கும் தொழில் இல்லை.

அவ்வாறாயின் பாம்பு செவிடா? அதுவும் அன்று. வெளிச்செவியும் செவிப்பறையுமே அதற்கு இல்லை. உட்செவி நன்றாகவே உண்டு. உட்செவியிலிருந்து புறப்படும் சிற்றெலும்பு நம்மில் செவிப்பறையோடு தொடர்புறும். பாம்பிலோ கீழ்த்தாடையைத் தாங்கும் எலும்போடு தொடர்புறுகின்றது. நிலத்தின்மீது தாடையை வைத்துக் கிடக்கும் பாம்புக்கு, நம் காலடியின் அதிர்வு மண்ணிலிருந்து தாடைக்கும், தாடையிலிருந்து உட்செவிக்கும் செல்கின்றது. இன்று நிகண்டு செய்வார் ஒருவர் உளரேல், கட்செவி என்பதை நீக்கித் 'தாடைச்செவி' என்றே பெயர் தரவேண்டும்.

காற்றில் வரும் ஒலியைப் பாம்பு கேளாது என்று நெடுங்காலம் பாடநூல்களும் கூறிவந்தன. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீவர், வேர்னன் என்னும் இருவர் 1960இல் பாம்பின் உட்செவி காற்றொலிக்கும் எதிர்வினை காட்டுவதை எடுத்துரைத்தனர். 2012இல் மலைப்பாம்பு வகையொன்றில் நடத்தப்பெற்ற ஆய்வு, ஒலியால் மண்டையோடே அதிர்வதாகவும், ஒரு செக்கனுக்கு 80 முதல் 160 வரையான அதிர்வுகளையுடைய தாழ்ந்த ஒலிகளையே அப்பாம்பு நன்கு உணர்வதாகவும் காட்டிற்று. 2023இல் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 19 பாம்புகளை ஒலிபுகா அறையில் விட்டுத் தாழ்ந்த ஒலிகளைக் கேட்பித்தபோது, சிலவகைப் பாம்புகள் ஒலியை விட்டு விலகின. ஒருவகை மலைப்பாம்பு ஒலியை நோக்கி நகர்ந்தது. ஆகவே பாம்புக்குச் செவியுணர்வு உண்டு. ஆனால் அது தாழ்ந்த ஒலிகளுக்கே உரியது. கனத்த குரலில் உரத்துப் பேசுவது அதற்கு ஓரளவு எட்டும். வளையலோசையும் குயிலோசையும் எட்டா.

இரண்டு உவமைத் தொடர்கள்

பல ஆண்டுகளாக மாணவர்க்கு உவமைத் தொடர்களைக் கற்பித்து வருகின்றேன். அவற்றுள் இரண்டை இங்கே உரைத்துப் பார்க்கலாம். 'இடியோசை கேட்ட நாகம் போல' என்பது ஒன்று. 'மகுடிக்கு மயங்கிய பாம்பு போல' என்பது மற்றொன்று.

இடிக்குப் பாம்பு நடுங்கும் என்னும் செய்தி சங்கச் செய்யுள்களிலே பலவிடத்தும் வருவது. இடி பாம்பின் தலையைத் துமிக்கும் என்று கூறுதல் புலவர் உயர்த்திக் கூறும் முறை. ஆனால் அடிப்படையில் ஓர் உண்மை இருக்கின்றது. இடியோசை மிகத் தாழ்ந்த அதிர்வுகளையுடையது. காற்றையும் நிலத்தையும் ஒருங்கே அதிரச் செய்வது. பாம்பின் உட்செவி எவ்வகை ஒலிக்கு அமைந்துள்ளதோ அவ்வகை ஒலியே இடி. குறிஞ்சி நிலத்தில் இரவு மழையைக் கண்டு பாடிய புலவன் கருவி எதுவுமின்றியே ஒரு மெய்ம்மையை அணுகியிருக்கிறான்.

மகுடியின் கதை வேறு. வடமத்திய மாகாணத்தில் இன்று குடியமர்ந்து வாழும், தெலுங்கு பேசும் அகிகுண்டிகர் ஒரு காலத்தில் கூடையும் மகுடியுமாக நம் ஊர்களுக்கும் வருவர். கூடையின் மூடியைத் திறந்ததும் நாகம் படமெடுத்து நிற்கும். மகுடி அசையும் பக்கமெல்லாம் தலையை அசைக்கும். அது இசையில் மயங்கிய ஆட்டமன்று. தன் முன்னே ஆடும் பொருள் தன்னைத் தாக்க வருகின்றதோ என்று அஞ்சிக் கண்ணால் அதனைத் தொடர்கின்ற காவல்நிலை அது. வாசிப்பதை நிறுத்திக் குழலை மாத்திரம் அசைத்தாலும் நாகம் அசையும். குழலை அசையாது வைத்து இனிமையாக வாசித்தாலும் அதற்கு ஆட்டமில்லை. முதல் உவமையை மாணவர்க்கு மெய்யெனவே சொல்லலாம். இரண்டாவதை வழக்குத் தொடராக மட்டும் கற்பித்தல் தகும்.

நாவும் வெப்பமும்

பாம்பின் பிளவுபட்ட நாவைக் கொடுக்கு என்று அஞ்சுவோர் இன்றும் உளர். அமுத கலசம் வைக்கப்பட்ட தருப்பையை நக்கியதால் நாகங்களின் நா இரண்டாகப் பிளந்தது என்று மகாபாரதத்தின் ஆதிபருவம் கதை கூறும். உண்மையில் அந்த நா ஒரு மோப்பக் கருவி. காற்றிலும் மண்ணிலும் கலந்துள்ள நுண்ணிய மணத்துகள்களை அது தொட்டெடுத்து வாய்க்குள் கொண்டுசெல்ல, மேல்வாயிலே திறக்கும் ஓர் உறுப்பு அவற்றை ஆய்ந்தறிகின்றது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் யாக்கப்சனின் பெயரால் அவ்வுறுப்பு வழங்கும். நா இருகிளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நாம் இருசெவிகொண்டு ஒலி வரும் திசையை அறிவதுபோல, பாம்பு இடக்கிளையிலும் வலக்கிளையிலும் பட்ட மணத்தை ஒப்பிட்டு எலி சென்ற வழியை அறிகின்றது. நா நீட்டும் பாம்பு நம்மை அச்சுறுத்துவதில்லை. நாம் யார் என்று விசாரிக்கின்றது.

மலைப்பாம்பும் குழிவிரியன் வகைகளும் இன்னுமோர் அறிவு உடையன. குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்கிற்கும் இடையே உள்ள சிறு குழி, இருளிலும் வெப்பமுள்ள உயிரின் இருப்பை உணர்த்தும். நம் உடலிலே கடுகின் காரத்தை உணரும் புரதத்தின் இனமே அங்கு வெப்பத்தை உணர்கின்றது என்று 2010இல் கண்டறிந்தவர், பின்னர் 2021இல் நோபல் பரிசு பெற்ற டேவிட் ஜூலியசும் அவருடன் உழைத்தோரும் ஆவர். நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் இக்குழி இல்லை.

மூச்சே சீற்றம்

நிற்க. இனிச் சீற்றத்திற்கு வருவோம். படைமாட்சி என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், எலிகள் திரண்டு கடல்போல் ஆரவாரித்தாலும் நாகம் மூச்சுவிட்ட அளவிலே கெட்டொழியும் என்று கூறுகிறார். அங்கே அவர் சினத்தைப் பேசவில்லை. சீறுதல் என்னும் சொல்லையும் ஆளவில்லை. உயிர்த்தலையே, அஃதாவது மூச்சு விடுதலையே கூறினார். உடற்கூறு வல்லார் கூறுவதும் அதுவே.

பாம்புகளுட் பெரும்பாலானவற்றுக்கு நம்முடையதைப் போன்ற குரல்நாண்கள் இல்லை. இடப்பக்க நுரையீரல் மிகச் சிறுத்தோ, இல்லாமலோ போக, வலப்பக்க நுரையீரலே உடலோடு நீண்டு கிடக்கின்றது. வெருண்ட பாம்பு அதனைக் காற்றால் நிரப்புகின்றது. அப்போது உடல் பருத்துத் தோன்றும். பின்னர் விலாவெலும்புத் தசைகள் நெரிக்க, வாயினடியில் உள்ள மூச்சுக்குழலின் ஒடுங்கிய திறப்பினூடே காற்று விரைந்து வெளியேறும். அவ்வுரசலே நாம் கேட்கும் சீற்றம். கண்ணாடி விரியன் போன்றவற்றில் மூச்சை உள்ளிழுக்கும்போதும் ஓசை எழுதலால், துருத்தி ஊதுவதுபோல அது விட்டுவிட்டுத் தொடர்ந்து கேட்கும்.

இவ்விடத்திலே நாம் ஊன்றிக் கருதவேண்டியது ஒன்றுண்டு. பாம்பின் சீற்றம் உயர்ந்த அதிர்வுகளையுடைய ஒலி. பெரும்பாலும் ஒரு செக்கனுக்கு 3,000 முதல் 13,000 வரையான அதிர்வுகள். பாம்பின் உட்செவியோ சில நூறு அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளை நன்கு உணர்வதில்லை. ஆகவே தான் எழுப்பும் சீற்றத்தைத் தானே செவ்வையாகக் கேட்க இயலாத உயிர் பாம்பு. தன் இனத்தை அழைக்கவோ, துணையோடு உறவாடவோ அந்த ஒலி பயன்படாது. அப்படியானால் யாருக்காக அது சீறுகின்றது? கீரிக்காக, நாய்க்காக, மாட்டுக்காக, நமக்காக. உயர்ந்த ஒலியை நன்கு கேட்கவல்ல செவிகளையுடைய உயிர்களை நோக்கி, தனக்குக் கேளாத மொழியொன்றிலே அது பேசுகின்றது. அம்மொழியில் அதற்குத் தெரிந்தது ஒரே வாக்கியந்தான்: 'நான் இங்கிருக்கிறேன், அப்பாற் போ.'

சினங்கொண்டவன் தாக்க விரும்புகிறான். பாம்போ தாக்க விரும்பாமையாலேயே சீறுகின்றது. அதன் நஞ்சு இரைபிடிப்பதற்கென்று உடல் வருந்திச் சேர்த்த செல்வம். விழுங்க இயலாத மனிதன்மீது அதைச் செலவிட்டால், பை மீண்டும் நிரம்ப நாட்கள் செல்லும். கைகாலற்ற உடல் மிதிபட்டால் முறிந்தும் போகும். எனவே மூச்சொன்றைச் செலவிட்டு நஞ்சையும் உயிரையும் காத்துக்கொள்ள அது முயல்கின்றது.

நல்லதும் தீயதும்

நாகத்தை நல்ல பாம்பு என்று வணங்குவதும், விரியனைக் கொடியது என்று வெறுப்பதும் நம்மிடையே பழைய வழக்கு. கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபதாண்டு சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலே இதையொத்த கதையொன்று உண்டு. குழந்தை இருந்த தொட்டியில் நீருண்டு என்று நாகம் விரியனுக்குச் சொல்கிறது. குழந்தையைத் தீண்டலாகாது என்று உறுதியும் வாங்குகிறது. விரியன் சொல் தவறிக் குழந்தையைத் தீண்ட, நாகம் அதனைப் பின்தொடர்ந்து கொல்கிறது. கதைக்கு அழகு உண்டு. ஆனால் நம் மண்ணில் மிகவுரத்து எச்சரிக்கும் பாம்பு எது என்றால், அந்த விரியனே. 1796இல் சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி நூல் வெளியிட்ட பற்றிக் ரசல் என்னும் மருத்துவரின் பெயரால் உலகம் அதனை அறியும். யாழ்ப்பாணத்தார் புடையன் என்பர். சிங்கள மக்கள் தித்பொலங்கா என்பர்.

கற்பிட்டிப் பக்கத்திலே தேங்காய் பொறுக்கும் முதியவர் ஒருவர் இதுபற்றி என்னிடம் கூறியது மறக்கத்தக்கதன்று. ஓலைக்குவியலில் கை வைக்கப்போன சமயம், பக்கத்திலே யாரோ துருத்தி ஊதுவதுபோல் ஓசை கேட்டதாம். கையை எடுத்துக்கொண்டு அசையாது நின்றார். பின் மெல்லப் பின்வாங்கினார். "ஐயா, அது முன்னுக்கே சொல்லிப்போடும். கேக்கிறவன் பிழைப்பான்" என்றார் அவர். அவரோடு வேலை செய்த மற்றொருவர் முன்னொரு நாள் அவ்வோசையைக் கேட்டுவிட்டுத் தடியெடுக்க ஓடினாராம். அடிக்கப்போன இடத்திலேதான் கடிபட்டார். சீற்றத்தைச் சினமென்று கொண்டவர் சினத்துக்குச் சினம் என்று தடியெடுத்தார். எச்சரிக்கையென்று கொண்டவர் விலகி உயிர் பிழைத்தார். ஒரு சொல்லின் பொருளை எப்படிக் கொள்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கின்றது.

எல்லாப் பாம்பும் ஒரே வகையாக எச்சரிப்பதில்லை. நஞ்சில்லாத சாரை, தொண்டையடியை உப்பச்செய்து உறுமல் போன்ற ஓசை எழுப்பும். மன்னார், யாழ்ப்பாணம் முதலிய வறண்ட கரையோரங்களில் வாழும் சுருட்டை விரியன், உடலை வளைத்து, அரம்போன்ற செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து ஒலி எழுப்பும். மூச்சோடு வெளியேறும் ஈரத்தை வறண்ட நிலத்திலே மிச்சம்பிடிக்கும் வழி அது என்று அறிஞர் கருதுவர்.

நாம் அஞ்சவேண்டியது பெரும்பாலும் ஒலி செய்யாதவற்றையே. கரைவலை இழுப்போர்க்கு வலையோடு வரும் கடற்பாம்பு எச்சரிப்பதில்லை. அதன் கடி பெரிதும் வலிப்பதில்லை. பின்னரே தசைகள் நோகும். கட்டுவிரியன் அதனினும் மறைவானது. பகலிலே மந்தமாகச் சுருண்டு கிடக்கும் அது, நள்ளிரவில் எலியும் பிற பாம்பும் தேடிக் குடிசைக்குள் வரும். நிலத்திலே பாய் விரித்து உறங்குவோர் புரளும்போது கடிக்கும். கடித்த தழும்பும் தெளிவாகத் தெரியாது. விடியும்போது வயிற்றுவலி, இமை தாழ்தல், பின்னர் மூச்சுத்தடை என்று நஞ்சு தன்னை வெளிப்படுத்தும். சீறும் பாம்பைக் கொடியதென்றும் சீறாததைச் சாதுவென்றும் எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

செய்யத்தக்கவை

இவற்றால் நாம் பெறும் பயன் யாது? பாம்பு நிலத்தின் அதிர்வை உணர்வதால், புல்லிலும் ஓலையிலும் நடப்போர் கால் அழுத்தி நடப்பது நன்று. அதற்கு விலகிச்செல்ல வழியும் நேரமும் கிடைக்கும். ஓலையையும் பொச்சுமட்டையையும் கையால் அல்லாமல் கம்பால் புரட்டுதல் வேண்டும். இரவிலே கைவிளக்கின்றி வெளிச்செல்லலாகாது. கட்டுவிரியன் எச்சரிக்காதாகையால், கட்டிலிற் படுப்பதும், நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின்கீழ் செருகி உறங்குவதுமே அதற்கேற்ற காவல். கடிபட்டால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் தீங்கே தரும். கடிபட்ட உறுப்பை அசைக்காது, மோதிரம் முதலியவற்றைக் கழற்றி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். நஞ்செதிர் மருந்து அங்கேதான் உண்டு. மந்திரிப்பவர் வாசலில் இழந்த ஒருமணி நேரத்தை எந்த மருந்தும் மீட்டுத் தராது.

வீட்டிலே சிறுவர்க்கும் ஒன்று சொல்லி வைப்போமாக. வேலியோரத்திலே சீற்றம் கேட்டால் கல்லெடுக்க வேண்டாம். கூச்சலிட்டு ஓடவும் வேண்டாம். நின்று, ஓசை வந்த திசையைப் பார்த்து, மெல்ல நாலடி பின்வாங்கிப் பெரியவர்களுக்குச் சொல்லட்டும். அவ்வளவு இடம் கிடைத்தால் அந்தப் பாம்பு தன் வழியே போய்விடும். பிள்ளையும் வீடு திரும்பும்.